மினர்வாவில் நிற்காமல் போன படகு

சன்னல் பக்கம் நீயே இரும்மா. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். நான் கோவில்பட்டியில இறங்கிருவேன். அதுக்கப்புறம் நீ காலை நீட்டிக்கிட்டே தூத்துக்குடி போகலாம்.

நர்சிங் முடிச்சிருக்கியா? நானும் நர்ஸ்தான். நியூசிலாந்துல, ஆக்லாந்துன்னு ஒரு ஊரு. இப்ப ரிட்டயர் ஆயாச்சு. போன்ல பேசினியே, அந்தப் பிள்ளையும் நீயும் ஒண்ணாத்தான் வெளிநாடு போறீங்களா? ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துச்சு. ஒண்ணாப் போறது நல்லதுதான், தப்புன்னு சொல்லல. ஆனா கூட வர்றவ எப்படிப்பட்டவன்னு பாத்துக்கோ. எனக்கும் ஒருத்தி இருந்தா. லீலா. முழுப்பேரு புஷ்பலீலா, நாகர்கோவில்காரி. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஷிப்டு. என் மக ஜெனிட்டா பாதி நாள் அவ வீட்டுலதான் வளந்தா. அப்பேர்ப்பட்டவ செஞ்ச காரியத்தை எதிரி கூடச் செய்ய மாட்டான்.

சொல்றேன். நீ கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன்.

எங்க அப்பா தோணித் தண்டல். தூத்துக்குடிக்காரிக்குத் தண்டல்னா சொல்ல வேண்டாம், தோணிக்குத் தலைவர். பாய் கட்டின தோணியில கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குக் கொண்டு போவாக. அண்ணன்மாரெல்லாம் கூடப் போவாக. பொம்பளைப் பிள்ள ஏறக் கூடாது. நான் ஒரு தடவை ஏறிட்டேன்னு அணியத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் தண்ணி ஊத்திக் கழுவினாக. நான் என்ன சாக்கடையிலயா விழுந்து எந்திரிச்சு வந்தேன்?

ஆக்லாந்துல போய்ப் பாத்தா, பொம்பளைக சாதாரணமாப் பாய் ஏத்திப் படகு ஓட்டுறாளுக. வயசானவளுகளும்தான். ஜெனிட்டா வேலைக்குப் போனப்புறம், லீலாதான் இழுத்துக்கிட்டுப் போனா, வாங்கக்கா சனிக்கிழமை சும்மாதானே இருக்கோம்னு. அங்க ஒரு படகு கிளப்புல சேந்தோம். எனக்கு அது உடனே வந்துருச்சு. லீலாவுக்கு வரல. அவளுக்குக் காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு விரலை எச்சில் பண்ணிப் பாத்தாலும் தெரியாது. எனக்குக் கழுத்துலயே தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லல, உண்மை.

அந்த கிளப்புல க்ரேம்னு ஒருத்தர், அவர் சம்சாரம் ஜூடித். க்ரேம் பள்ளிக்கூடத்துல தலைமை வாத்தியாரா இருந்தவர். சொந்தமாப் பெரிய படகு வச்சிருந்தாங்க. அந்த நாட்டுல நம்ம மே மாசம்தான் குளிர் ஆரம்பம். அப்ப நெறையப் படகு கிளம்பி வடக்க வெயில் தீவுகளுக்குப் போகும். தோங்கா, ஃபிஜி, அந்தப் பக்கம். ராத்திரி பகல்னு மாறி மாறிச் சுக்கான் பிடிக்க ஆள் வேணும். ரெண்டு பேரால முடியாது. எங்களைக் கேட்டாங்க, தோங்காவுக்கு வர்றீங்களான்னு.

எங்க வீட்டுக்காரருக்குத் தண்ணின்னாலே பயம். கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டுல பொறந்தவுக. பேரு சவரிமுத்து. இப்ப நான் பேரைச் சொன்னா என்ன, சொல்லலாம். அங்க டவுன் பஸ் ஓட்டினாக. துறைமுகப் பாலத்து மேல போறப்ப கூடக் கடல் பக்கம் திரும்ப மாட்டாக. அதனால அவுக விட மாட்டாகன்னு நெனச்சேன். ஆனா அவுகதான் பிடிவாதமா நின்னாக. எனக்குத் தோள்பட்டையில வலி இருந்துச்சு. அடுத்த வருஷம் போறேனேன்னு சொன்னேன். இல்ல, இந்த வருஷமே போயிரு அமலா, அடுத்த வருஷத்தை யாரு கண்டான்னு சொன்னாக. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. என்னை அனுப்பிட்டு நிம்மதியா டிவி பாக்கணும், அதான்னு நெனச்சேன்.

அந்தச் சமயத்துல அவுக ரொம்ப நல்லா ஆயிட்டாக. சாப்பாட்டைக் குறைச்சாச்சு. தட்டுல பாதிதான் போடச் சொல்லுவாக. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டாக, அப்புறம் இன்னொண்ணு போட்டாக. சக்கரை, கொழுப்பெல்லாம் பாத்துத் தின்னுங்கன்னு காலமெல்லாம் கத்தினேன், கேக்கல. இப்பத்தான் புத்தி வந்துச்சுன்னு வார்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். வெள்ளிக்கிழமையானா ஜெனிட்டா வந்து கார்ல கூட்டிட்டுப் போவா, அப்பாவும் மகளும் ஊர் சுத்த. வந்ததும் களைச்சுப் படுத்துருவாக. வயசான காலத்துல மக மேல திடீர்னு அப்படி ஒரு பாசம். எனக்குக் கூடக் கொஞ்சம் பொறாமை.

கிளம்பற அன்னைக்குத் துறைக்கு வந்தாக. மரப்பலகை மேல நடக்கப் பயந்துக்கிட்டு அந்தக் கடைசியிலயே நின்னு கையைத் தூக்கினாக. நானும் ஒரு கையைத் தூக்கினேன். நான் அப்பப் பாய்க்கயிறு சுத்திக்கிட்டு இருந்தேன், ரெண்டு கையையும் விட முடியாதுல்லா.

முதல் நாட்கள் மோசம். குளிர் எலும்புக்குள்ள போகுது. தெக்கத்திக் காத்து பின்னாலயே வந்து படகைத் தூக்கித் தூக்கிப் போடுது. தண்டல் மக நான், வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுக்கேன். காத்து தெரியாத லீலாவுக்கு ஒண்ணும் ஆகல, நல்லா நின்னா. பொய் சொல்லக் கூடாது, பெத்த பிள்ளையைப் பாக்கற மாதிரி பாத்தா. வாளியைக் கழுவுவா. இஞ்சியை நசுக்கி வாயில வைப்பா. நான் படுக்கையில இருந்து உருண்டு விழாம இருக்கத் துணியை இழுத்துக் கட்டிட்டு, தூங்குங்கக்கா, உங்க முறைக்கும் நானே நிக்கேன்னு போவா. அதையெல்லாம் இல்லைன்னு சொல்லல. அப்படிப் பாத்தவளாச்சேங்கிறதுதான் வயித்தெரிச்சல்.

அப்புறம் ஒரு காலையில எந்திரிச்சு மேல வந்தா, வேற உலகம். காத்து கொண்டலுக்கு மாறியிருக்கு. கிழக்க இருந்து இளஞ்சூடா, ஒரே சீரா வருது. தண்ணி நீல மை கரைச்சு விட்ட மாதிரி. பறவைக்கோலா மீன் கூட்டங்கூட்டமாத் துள்ளிப் பறக்குது. கம்பளிச் சட்டையெல்லாம் கழட்டி உள்ள எறிஞ்சேன். அன்னைக்குச் சுக்கானைப் பிடிச்சவதான், விடல.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்துச்சு. தோங்காவுக்குப் போற வழியில மினர்வான்னு ஒரு இடம். தீவு கிடையாது, மரம் கிடையாது, மணல் கிடையாது. நடுக்கடல்ல பவழப்பாறை ஒரு வளையம் மாதிரி கிடக்கு. அலை அம்புட்டும் வெளிய அடிக்கும், உள்ள குளம். படகை உள்ள கொண்டு போய் நங்கூரம் போட்டுட்டு உக்காந்தா, சுத்திக் கரையே இல்லாம அசையாம இருக்கலாம். க்ரேம் படம் காட்டியிருந்தார். எங்க அப்பா கூட அப்படி ஒரு இடத்தைப் பாத்திருக்க மாட்டாக. அங்க ஒரு நாள் நிக்கிறதாப் பேச்சு. வரும்போதே அதுக்குன்னு பாசிப்பருப்பு, வெல்லம் எல்லாம் எடுத்து வச்சிருந்தேன், பாயசம் வைக்க.

ஜூடித்துதான் தினமும் காலையில சேட்டிலைட் போன்ல வானிலை பாப்பா. அன்னைக்குப் பாக்கும்போது லீலாவைக் கீழ கூப்பிட்டா. லீலா ரொம்ப நேரம் கழிச்சு மேல வந்தா. கண்ணு சிவந்திருந்துச்சு. என்னட்டின்னு கேட்டேன். வெங்காயம் நறுக்கினேங்கா, உள்ள காத்தே இல்லைன்னு சொன்னா. நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்?

கொஞ்ச நேரத்துல க்ரேம் இஞ்சினைப் போட்டார். காத்து லேசாத்தான் இருந்துச்சு, ஆனா பாய்க்குப் போதும். எனக்குக் கோவம் வந்துருச்சு. பாய்க்கப்பல்னு கூட்டிட்டு வந்துட்டு டீசல் புகையைக் காட்டுறீங்களேன்னு கேட்டேன். நேரமாகுதும்மான்னு மட்டும் சொன்னார். அதுவரைக்கும் இங்கிலீசுல அம்மான்னு அர்த்தம் வர்ற மாதிரி அன்பா ஒரு வார்த்தை அவர் சொன்னதே இல்ல. சுக்கான் பிடிக்கத் தெரியுதா, கயிறு சுத்தத் தெரியுதா, அம்புட்டுதான் அவர் பேச்சு. அப்புறம் மினர்வாவுல நிக்கலைன்னார். ஏன்னு கேட்டேன். வானிலை சரியில்லையாம். வானத்தைப் பாத்தேன், ஒரு பொட்டு மேகம் இல்ல. லீலாவைப் பாத்தேன். நேராப் போயிரலாம்கா, எனக்குக் கரையைப் பாத்தாப் போதும்னு இருக்குன்னு சொன்னா. ஓகோ, இவதான் கெடுத்தவன்னு நெனச்சேன். எனக்குப் பிடிச்ச இடம்னு தெரிஞ்சும் இவ வசதிக்காகத் திருப்பிட்டான்னு ஒரு பொழுது முழுக்க அவகூடப் பேசல.

தூரத்துல வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுது, மினர்வாவுல அலை உடையறது. இஞ்சின் சத்தத்தோட தாண்டிப் போனோம்.

ஆனா அதுக்கப்புறம் வந்த நாட்கள் இருக்கே, என்னத்தச் சொல்ல. எல்லாரும் என்னை ராணி மாதிரி வச்சிருந்தாங்க. பகலெல்லாம் சுக்கான் எனக்குத்தான். படகுல ஒரே ஒரு படுக்கைதான் நனையாதது, ஜூடித் படுக்கை, அதை எனக்குக் குடுத்தா. டப்பாவுல அடைச்ச பழத்தை வச்சுக் கேக்கு செஞ்சா. உன்னைப் போல நேராப் பிடிக்கிற ஆளை நான் பாத்ததில்லைன்னு க்ரேம் சொன்னார். தலைமை வாத்தியார் வாயில இருந்து வருது! நான் என்ன நெனப்பேன்? தோணியைக் கழுவின எங்க ஊரை நெனச்சேன். இப்பப் பாருங்கலேன்னு நெனச்சேன். பாட்டுப் பாடினேன், மாதா பாட்டு, சினிமா பாட்டு, எல்லாம். கதை சொன்னேன். பாதிக் கதை எங்க வீட்டுக்காரரைப் பத்தித்தான். அவுக தண்ணிப் பயத்தை நடிச்சுக் காட்டுவேன். நான் சிரிச்ச மாதிரி அந்த மூணு பேரும் சிரிச்சாங்க.

என் வாழ்க்கையில நான் ரொம்ப சந்தோசமா இருந்த நாட்கள் எதுன்னு என்னைக் கேட்டா, கல்யாண நாளைச் சொல்ல மாட்டேன், ஜெனிட்டா பொறந்ததைச் சொல்ல மாட்டேன். அதைத்தான் சொல்லணும். வேற வழியில்ல. அதான் உண்மை.

தோங்கா பச்சையா வந்துச்சு. தென்னை மரத்தைப் பாத்ததும் தூத்துக்குடிக்கே வந்துட்டோம்னு கத்தினேன். துறையில கட்டினோம். சுங்கக்காரங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. கால் தரையில நிக்க மாட்டேங்குது, ஆடுது. சிமெண்டுத் திண்டுல பிடிச்சு உக்கார வச்சா லீலா. என் முன்னால முட்டி போட்டா.

"அக்கா, அண்ணன் போயிட்டாங்க" அப்படின்னா.

எங்க போனாகன்னு கேட்டேன். நிசமா அப்படித்தான் கேட்டேன்.

வயித்துல கட்டியாம். ரொம்ப நாளா இருந்திருக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊர் சுத்தப் போகல, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காக. ஜெனிட்டாவுக்குத் தெரியும். நாங்க மினர்வாவை நெருங்கின காலையிலதான் திடீர்னு மோசமாகி அட்மிட் ஆகியிருக்காக. ஜெனிட்டா படகுக்குச் சேதி அனுப்பியிருக்கா. அதுதான் அந்த வெங்காயம். அதுதான் இஞ்சின். மினர்வாவைத் தாண்டி மறுநாள் உசிரு போயிருச்சு. அதுக்கப்புறமும் இவளுக எனக்குக் கேக்கு செஞ்சு குடுத்தாளுக. நான் பாடப் பாடக் கேட்டுக்கிட்டு இருந்தாளுக.

அடிச்சேன். லீலாவை ஓங்கிக் கன்னத்துல அடிச்சேன். அவ கையால கூடத் தடுக்கல. தடுத்திருந்தாத் தேவலை.

ஆக்லாந்துல ஜெனிட்டா விமான நிலையத்துக்கு வந்திருந்தா. அப்பாதாம்மா சத்தியம் வாங்கிட்டாங்க, அம்மா கரைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு அழறா. நான் நம்பல. இன்னைக்கும் நம்பல. அவுகளுக்கு ரகசியம் காக்கவே தெரியாது. எனக்குப் பிறந்த நாளுக்குச் சேலை வாங்கி ஒளிச்சு வைப்பாக, ராத்திரி சாப்பிடறதுக்குள்ள வாய்விட்டுச் சொல்லிருவாக. அப்படிப்பட்ட மனுசனா என்கிட்ட நோயை மறைப்பாக? நான் யாரு, நர்சு. பாத்தாலே தெரியாதா எனக்கு? இதெல்லாம் இவளுக சேந்து செஞ்சது. செத்தவுக மேல பழியைப் போட்டுட்டாப் போதுமே, அவுக வந்து இல்லைன்னு சொல்லவா போறாக.

நீ என்ன கேக்கப் போறேன்னு தெரியுது. நாமளும் வார்டுல சொல்லாம வைக்கத்தானே செய்யறோம்னு. அது வேறம்மா. அவங்களுக்கு அதைத் தாங்கற சக்தி இருக்கான்னு பாத்து, பக்குவமாச் சொல்றது நம்ம தொழிலு. இப்ப இறங்கப் போறேனே, அவுக அக்கா வீட்டுக்குத்தான் போறேன். மதினிக்கு வயசாயிருச்சு. நெஞ்சு பலவீனம், காதும் கேக்காது, போன்ல பேசறதும் இல்ல. தம்பி போனது அவுகளுக்கு இன்னும் தெரியாது. யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லி வச்சிருக்கேன். கேட்டா, லீவு கிடைக்கல, உங்களுக்கு வேட்டி சேலை குடுத்து விட்டாகன்னு சொல்லிக்குவேன். பாவம், ஒரே தம்பி. எதுக்கு அந்த மனசை நோகடிக்கணும்?

எங்க விட்டேன்? ஆங், லீலா.

அடக்கத்துக்கு வந்தா, கடைசி வரிசையில நின்னுட்டுப் போயிட்டா. எத்தனையோ தடவை போன் பண்ணினா, எடுக்கல. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா வாசல்ல நிக்கா. உள்ள வான்னு கூப்பிடல.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிருதேன். அப்புறம் நீங்க கூப்பிட்டா ஒழிய வர மாட்டேன்" அப்படின்னா.

சொல்லுன்னேன்.

மினர்வாவைத் தாண்டின அன்னைக்குச் சாயங்காலம், ஜெனிட்டா ஆஸ்பத்திரியில இருந்து படகுக்குப் போன் போட்டிருக்கா. அவுகதான் பேசணும்னு கேட்டாகளாம். லீலா கீழ உக்காந்து பேசியிருக்கா. என்னைக் கூப்பிடவான்னு கேட்டிருக்கா. வேண்டாம், கூப்பிட்டா அழுவா, சுக்கானை விட்டுருவான்னு சொன்னாகளாம். பிறகு, அவ நல்லா ஓட்டுறாளான்னு கேட்டிருக்காக. வாந்தி நின்னுச்சான்னு கேட்டிருக்காக. அப்ப நான் மேல சத்தமாப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். இவ என்ன செஞ்சா தெரியுமா? படிக்கட்டுல ஏறி நின்னு, போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கா, என் பக்கமா. நான் முன்னால பாத்து ஓட்டிக்கிட்டு இருந்தேன், எனக்குத் தெரியல.

"கை வலிக்கற வரைக்கும் பிடிச்சேங்கா. அண்ணன் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

நான் என்ன பேசிக்கிட்டு இருந்தேன்னு கேட்டேன். ஒரு தடவை ஆக்லாந்துல தீவுக்குப் போற ஃபெரிப் படகுல எங்க வீட்டுக்காரர் மிதவைச் சட்டையை வாங்கி மாட்டினவுக, இறங்கின பிறகும் கழட்ட மாட்டேன்னு கடைத்தெரு முழுக்க அதோடயே நடந்து வந்தாக. சனமெல்லாம் பாத்துச் சிரிச்சுது. அந்தக் கதையைத்தான் க்ரேமுக்கு நடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தேனாம்.

"அண்ணனும் சிரிச்சாங்கக்கா. சிரிச்சு இருமலே வந்துட்டு. போதும் லீலா, அவ ஓட்டட்டும்னு சொல்லி வச்சிட்டாங்க."

கதவைச் சாத்திட்டேன். அதோட சரி. அவளும் சொன்ன மாதிரியே பிறகு வரல. ஜெனிட்டா இடையில நின்னு, லீலா ஆன்ட்டி பாவம்மாங்கிறா. என்ன பாவம்? நீயே சொல்லு. அவுக குரலைக் கடைசியாக் கேட்டது அவ. என் குரலை எடுத்து அவுகளுக்குக் குடுத்தது அவ. குடுத்ததுதான் குடுத்தா, நல்ல குரலா பாத்துக் குடுக்கக் கூடாதா? அவுகளை நாலு பேரு சிரிக்கப் பேசிக்கிட்டு இருந்த குரலா கிடைச்சுது? ஒரு வார்த்தை, அக்கா லைன்ல அண்ணன் இருக்காங்கன்னு சொல்லியிருந்தா நான் வேற எதாவது பேசியிருப்பேன்ல.

என்ன பேசியிருப்பேன்னா கேக்கே?

என்னத்தப் பேசுவேன். சாப்டீங்களான்னு கேட்டிருப்பேன். எங்க இருந்து போன் பண்ணினாலும் அதைத்தான் கேப்பேன், அவுகளும் சாப்டேன்னுதான் சொல்லுவாக. அதுக்கு மேல எங்களுக்குப் பேசத் தெரியாதும்மா. அதையாவது கேக்க விட்டிருக்கலாம்.